ஸ்டாட்டிக் அனலைசரில் கம்பைலர் பில்டின்களைச் சேர்ப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எபேன் சைபர் சிட்டியில் எம்பெடட் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும், ரெட்வியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கடைசி வருட புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நிரலை இயக்காமலே கோடைப் படித்துப் பிழை தேடும் ஸ்டாட்டிக் அனலைசரை நம் சி கோட் மீது ஓட்டினால் எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டும். அதில் பாதி பொய். காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும்: ஜிசிசி, கிளாங் போன்ற கம்பைலர்கள் தமக்குள்ளேயே வைத்திருக்கும் பில்டின் ஃபங்ஷன்களை அனலைசர் புரிந்துகொள்ளவில்லை. அவற்றுக்கு எந்த ஹெடரிலும் டிக்ளரேஷன் கிடையாது, எந்த லைப்ரரியிலும் உடல் கிடையாது. கம்பைலருக்கு மட்டும் அர்த்தம் தெரியும்.

இந்த வேலை என்னிடம் வந்தபோது, தேவையான தகவலில் கொஞ்சம் ஜிசிசி கையேட்டில் இருந்தது, கொஞ்சம் கிளாங் ஆவணத்தில், மீதி அனலைசரின் சோர்ஸ் கோடுக்குள். எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று எங்கும் இல்லை. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பில்டினைத் தவறாகச் சொல்லிக்கொடுப்பது, சொல்லிக்கொடுக்காமலே விடுவதைவிட ஆபத்தானது. தெரியாத பில்டின் பெரும்பாலும் சத்தம் போடும். தவறாகத் தெரிந்த பில்டின் உண்மையான பிழையைச் சத்தமில்லாமல் மறைத்துவிடும், நமக்குத் தெரியவே வராது.

பெயர்கள் பற்றி ஒரு குறிப்பு. கோடில் இவற்றின் முன்னால் இரண்டு அடிக்கோடு, பில்டின் என்ற சொல், இன்னொரு அடிக்கோடு வரும். படிக்க இலகுவாக இருக்கட்டும் என்று அந்த முன்னொட்டை விட்டுவிட்டு எக்ஸ்பெக்ட், சிஎல்இசட், அன்ரீச்சபிள் என்று மட்டும் எழுதுகிறேன்.

1. முதலில் பட்டியல், அதுவும் பிரீபிராசசருக்குப் பிறகு

சோர்ஸ் ஃபோல்டரில் கிரெப் போட்டுத் தேடினால் பத்துப் பதினைந்து பெயர்தான் வரும். அதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். பில்டின்களில் பெரும்பகுதி மேக்ரோக்களுக்குள்ளும் சிஸ்டம் ஹெடர்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும். நீங்கள் ஆஃப்செட்ஆஃப் என்று எழுதுவது பில்டின் ஆஃப்செட்ஆஃப் ஆக விரியும். விஏ ஸ்டார்ட், விஏ ஆர்க் எல்லாம் அப்படியே. ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற மேக்ரோவோடும் ஆப்டிமைசேஷனோடும் கம்பைல் செய்தால், சாதாரண மெம்காப்பிகூட கிளிப்சி என்ற லினக்ஸ் சி லைப்ரரியின் ஹெடர் வழியாக மெம்காப்பி செக் என்ற நான்கு ஆர்குமென்ட் கொண்ட பில்டினாக மாறிவிடும். எக்ஸ்86 புராசசரின் சிறப்புக் கட்டளைகளுக்கான இன்ட்ரின்சிக் ஹெடரைச் சேர்த்திருந்தால் நூற்றுக்கணக்கில் வரும்.

ஆகவே உங்கள் பில்ட் சிஸ்டம் எந்த ஃபிளாகோடு கம்பைல் செய்கிறதோ, அதே ஃபிளாகோடு கம்பைலரைப் பிரீபிராசசிங் (மேக்ரோக்களையும் ஹெடர்களையும் விரித்துப் போடும் முதல் கட்டம்) மட்டும் செய்யச் சொல்லுங்கள். பெரிய எழுத்து ஈ ஆப்ஷன் அதற்குத்தான். வரும் வெளியீட்டிலிருந்து பெயர்களை எடுத்து, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரிசைப்படுத்துங்கள். அடிக்கடி வருவதில் தொடங்கினால் போதும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை.

இங்கே இரண்டு பொறி. ஒன்று, சிங்க், அட்டாமிக் என்று தொடங்கும் குடும்பங்களும் பில்டின்களே, ஆனால் பெயரில் பில்டின் என்ற சொல் வராது. தனியாகத் தேட வேண்டும். இன்னொன்று, சி ஸ்டாண்டர்டின் புதிய பதிப்பான சி23இல் எழுதிய கோட். அதில் அன்ரீச்சபிள் ஒரு ஹெடர் மேக்ரோவாக வந்துவிட்டது, கூட்டல் பெருக்கலில் ஓவர்ஃப்ளோ பார்க்கும் சிகேடி ஆட் போன்றவை தனி ஹெடரில் வந்துவிட்டன. ஜிசிசியில் அவையும் உள்ளே பழைய பில்டின்களாகத்தான் விரிகின்றன.

2. ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

தேவையானவை இவ்வளவுதான்:

- உங்கள் கம்பைலர் வெர்ஷனுக்கே உரிய ஜிசிசி கையேடு. இலவசம், பிடிஎஃப் கிடைக்கும். சமீபத்திய வெர்ஷனின் கையேட்டை வைத்துப் பழைய கிராஸ் கம்பைலருக்கு எழுதாதீர்கள்.
- கிளாங் பயன்படுத்தினால் அதன் மொழி நீட்டிப்புகள் பற்றிய ஆவணம். அதுவும் இலவசம்.
- சி ஸ்டாண்டர்ட். ஐஎஸ்ஓ விற்கும் பிரதிக்குக் காசு கொடுக்க வேண்டும், இந்த வேலைக்கு அது தேவையில்லை. சி11க்கு என்1570, சி23க்கு என்3220 என்ற வரைவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.
- மிஸ்ரா என்ற, பாதுகாப்பாக சி எழுதுவதற்கான விதிகளைச் சரிபார்க்கும் அனலைசர் என்றால் மிஸ்ரா ஆவணம். இதை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அலுவலகத்தில் ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.
- அனலைசரின் சோர்ஸ் கோடும் லைசென்ஸும். திறந்த மூல அனலைசர்களில் சிபிபிசெக் ஜிபிஎல் 3, கிளாங்கோடு வரும் அனலைசர் அப்பாச்சி 2.0 எல்எல்விஎம் விதிவிலக்கோடு, ஸ்பார்ஸ் எம்ஐடி.

எல்லாவற்றையும் மடிக்கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை சூறாவளிக் காலம். மூன்றாம் எச்சரிக்கை வந்து வீட்டில் அடைந்து கிடக்கும் நாளில் இன்டர்நெட் இருக்கும் என்று சொல்ல முடியாது.

3. ஒவ்வொரு பில்டினிடமும் ஐந்து கேள்வி கேளுங்கள்

ஒரு வரி கோட் எழுதுவதற்கு முன்னால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக: என்ன மதிப்பைத் திருப்பித் தருகிறது? ஆர்குமென்ட் உண்மையிலேயே இயங்குகிறதா? இதற்குப் பிறகு கோட் தொடருமா? எந்த நினைவகத்தில் எழுதுகிறது? எந்த உள்ளீடு கொடுத்தால் நடத்தை வரையறுக்கப்படாதது? இந்த ஐந்துக்கும் கையேட்டைப் பார்த்துப் பதில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊகித்து எழுதாதீர்கள். அதிகம் தொல்லை தருபவற்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

எக்ஸ்பெக்ட். இரண்டு ஆர்குமென்ட், இரண்டும் லாங். முதல் ஆர்குமென்ட்டை அப்படியே திருப்பித் தருகிறது. இரண்டாவது, 'பெரும்பாலும் இந்த மதிப்புதான் வரும்' என்று ஆப்டிமைசருக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. லைக்லி, அன்லைக்லி மேக்ரோக்களின் உள்ளே இருப்பது இதுதான். ஒரு உதாரணத்தைக் கூர்ந்து பாருங்கள். பி என்ற பாயின்டர் நல் (எதையும் சுட்டாத வெற்று முகவரி) ஆக இருந்தால் ஃபங்ஷனை விட்டு வெளியேறு என்று ஒரு வரி. நிபந்தனையைச் சுற்றி அன்லைக்லி. அடுத்த வரியில் பி வழியாக ஒரு மதிப்பைப் படிக்கிறது. சரியான கோட். ஆனால் எக்ஸ்பெக்ட் என்ன தருகிறது என்று அனலைசருக்குத் தெரியாவிட்டால், அந்த இஃப் நிபந்தனைக்கும் பி-க்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அடுத்த வரியில் 'பி நல் ஆக இருக்கலாம்' என்று எச்சரிக்கும். கெர்னல் பாணியில் எழுதிய கோடில் இப்படிப்பட்ட வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பதால் இந்த ஒன்றைச் சரிசெய்தாலே ரிப்போர்ட் பாதியாகச் சுருங்குவதைப் பார்ப்பீர்கள்.

இதே பில்டினில் எதிர்ப்பக்கப் பொறியும் உண்டு. 'எதிர்பார்க்கும் மதிப்பு 0 என்று சொல்லியிருக்கிறார்களே, அப்போது 0 என்றே வைத்துக்கொள்வோம்' என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் பிழை கையாளும் கிளைகள் எல்லாவற்றையும் அனலைசர் பார்க்காமலே தாண்டிவிடும். மெமரி லீக்குகள் குடியிருப்பது அந்தக் கிளைகளில்தான்.

சிஎல்இசட், சிடிஇசட். முன்னால் அல்லது பின்னால் எத்தனை பூஜ்ய பிட் என்று எண்ணுபவை. 0 கொடுத்தால் முடிவு வரையறுக்கப்படாதது. வேறு எது கொடுத்தாலும் 32 பிட் இன்ட்டில் விடை 0 முதல் 31 வரை. இந்த வரம்பை அனலைசருக்குச் சொல்வது மிக முக்கியம். ஆர்டிஓஎஸ் (எம்பெடட் சாதனங்களுக்கான ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்) ஷெட்யூலரில் தயாராக உள்ள டாஸ்க்குகளை ஒரு பிட்மேப்பில் வைத்து, 31இலிருந்து சிஎல்இசட்டைக் கழித்து வரும் எண்ணை 32 இடம் கொண்ட அரேக்கு இன்டெக்ஸாகக் கொடுப்பது வழக்கம். வரம்பு தெரியாத அனலைசர் 'அரேக்கு வெளியே போகலாம்' என்று பொய் எச்சரிக்கை கொடுக்கும். வரம்பு தெரிந்த அனலைசர் அதை விட்டுவிட்டு, பிட்மேப் 0 ஆக இருக்கும்போது என்ன ஆகும் என்ற உண்மையான கேள்வியை எழுப்பும். அந்தக் கேள்விக்காகத்தான் அனலைசரை ஓட்டுகிறோம்.

ஒரே குடும்பம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் இதே விதியைப் போட்டுவிடாதீர்கள். முதல் 1 பிட்டின் இடத்தைச் சொல்லும் எஃப்எஃப்எஸ் 0க்கு 0 தரும், அதன் உச்சம் 32. 1 பிட்களை எண்ணும் பாப்கவுன்ட்டுக்கு 0 முழுக்கச் சரியான உள்ளீடு. சிஎல்ஆர்எஸ்பிக்கும் 0 ஒரு விசேஷ நிலை அல்ல என்று கையேடு சொல்கிறது. பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் ஒவ்வொன்றின் ஒப்பந்தமும் வேறு.

ஆட் ஓவர்ஃப்ளோ, சப் ஓவர்ஃப்ளோ, மல் ஓவர்ஃப்ளோ. ஜிசிசி 5இல் வந்தவை. எந்த இன்டிஜர் டைப்பையும் ஏற்கும். கணக்கை எல்லையற்ற துல்லியத்தில் செய்து, மூன்றாவது ஆர்குமென்ட் சுட்டும் இடத்தின் டைப்புக்கு மாற்றி, அங்கே எழுதுகிறது. அடங்காவிட்டால் ட்ரூ. அனலைசரில் இதற்கு, கோட் ஓடக்கூடிய பாதையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஃபால்ஸ் வந்த பாதையில் சரியான விடை, ட்ரூ வந்த பாதையில் சுற்றிக்கொண்டு வந்த விடை. இரண்டு பாதையிலும் எழுதப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம். மறந்தால், ஓவர்ஃப்ளோ ஆன கிளையில் 'மதிப்பு கொடுக்கப்படாத வேரியபிள்' என்று பொய் எச்சரிக்கை வரும். மாலோக்குக்கு அளவு கணக்கிடும் இடங்களில் மல் ஓவர்ஃப்ளோதான் பாதுகாப்பு வேலி, ஆகவே இங்கே துல்லியம் வேண்டும்.

அன்ரீச்சபிள், டிராப். இரண்டிலும் பாதை அங்கேயே முடிகிறது. டிராப் நிரலை நிறுத்துகிறது. அன்ரீச்சபிள் 'இங்கே வரவே மாட்டோம்' என்று நிரலாளர் கொடுக்கும் வாக்கு. வந்தால் நடத்தை வரையறுக்கப்படாதது. முதல் கட்டத்தில் இரண்டையும் திரும்பி வராத ஃபங்ஷனாகக் குறித்தால் போதும். கிளாங்கின் டீபக்டிராப்பை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், அதற்குப் பிறகு கோட் தொடர்ந்து ஓடலாம். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அசூம் என்ற பில்டினுக்கு 0 கொடுத்தால் அது அன்ரீச்சபிளுக்குச் சமம்.

கான்ஸ்டன்ட் பி, ஆப்ஜெக்ட் சைஸ். முதலாவது, மதிப்பு மாறிலியா என்று கேட்பது; இரண்டாவது, பாயின்டர் சுட்டும் இடத்தின் அளவைக் கேட்பது. இவற்றின் ஆர்குமென்ட் இயங்குவதில்லை. உள்ளே ஐ பிளஸ் பிளஸ் எழுதினாலும் ஐ மாறாது. சாதாரண ஃபங்ஷன் போல நடத்தினால் அனலைசர் கணக்கில் ஐ ஒன்று கூடிவிடும், அப்புறம் அதன் பின்னால் வரும் எல்லாமே தப்பு. கான்ஸ்டன்ட் பி-யின் விடை ஆப்டிமைசேஷன் அளவைப் பொறுத்தும் மாறும் என்பதால், தெளிவாகத் தெரியாத இடத்தில் இரண்டு கிளைகளையும் ஆராய்வதே பத்திரம். ஆப்ஜெக்ட் சைஸ் தெரியாதபோது, இரண்டாவது ஆர்குமென்ட் 0, 1 என்றால் −1ஐ சைஸ் டைப்புக்கு மாற்றிய மதிப்பு, அதாவது அந்த டைப்பின் மிகப் பெரிய எண். 2, 3 என்றால் 0.

டைப்பையே ஆர்குமென்ட்டாக வாங்குபவை. ஆஃப்செட்ஆஃப், விஏ ஆர்க், டைப்ஸ் கம்பாட்டிபிள். இவை பார்சரிலேயே கையாளப்பட வேண்டும், ஃபங்ஷன் அட்டவணையில் சேர்த்தால் சின்டாக்ஸ் எரர் வரும். சூஸ் எக்ஸ்பிரெஷனும் இந்த வகைதான்: தேர்ந்தெடுத்த பக்கத்தின் டைப்பையே முழு எக்ஸ்பிரெஷனும் பெறும், மற்றப் பக்கம் இயங்காது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நினைவகத்தை முன்கூட்டியே கேஷுக்குக் கொண்டுவரும் ப்ரீஃபெட்ச் செல்லாத முகவரிக்கும் ஃபால்ட் தராது, எனவே அங்கே நல் பாயின்டர் எச்சரிக்கை கூடாது. அலோகா தரும் இடம் ஸ்டாக்கில் இருப்பது, நல் திரும்பாது, லீக் ஆகாது, ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும். அதை வெளியே ரிட்டர்ன் செய்தால் எச்சரிக்க வேண்டும். அசூம் அலைன்ட் முதல் ஆர்குமென்ட்டையே தருகிறது. மெம்காப்பி, ஸ்ட்ரிலென் போன்ற லைப்ரரி இரட்டைகளுக்கு ஏற்கெனவே இருக்கும் விதியையே காட்டிவிடுங்கள்.

4. கான்ஃபிக் ஃபைலிலேயே முடியுமா என்று பாருங்கள்

சிபிபிசெக் பயன்படுத்துபவர்களுக்கு நல்ல செய்தி: பல பில்டின்களுக்கு சி பிளஸ் பிளஸ் கோட் எழுதத் தேவையில்லை. சிஎஃப்ஜி ஃபோல்டரில் எக்ஸ்எம்எல் ஃபைல்கள் இருக்கும். ஜிஎன்யூ என்ற பெயருள்ள ஃபைலில் பல பில்டின்கள் ஏற்கெனவே உண்டு. முதலில் அங்கே தேடுங்கள். இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், ஓட்டும்போது லைப்ரரி ஆப்ஷனில் ஜிஎன்யூ என்று கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

என்ன விடுபட்டிருக்கிறது என்பதைக் கருவியே சொல்லும். செக் லைப்ரரி ஆப்ஷனையும், இன்ஃபர்மேஷன் செய்திகளைக் காட்டும் ஆப்ஷனையும் சேர்த்து ஓட்டினால், விவரம் இல்லாத ஃபங்ஷன்களைப் பட்டியல் போடும். இதை அவசியம் செய்யுங்கள். தெரியாத ஃபங்ஷனைக் கண்டால் சிபிபிசெக் பல இடங்களில் ஆராய்ச்சியைப் பாதியில் கைவிட்டுவிடும், அதனால் சத்தமே வராமல் பிழை தப்பிவிடும்.

எழுதும்போது ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நோ ரிட்டர்ன் ட்ரூவா ஃபால்ஸா, திருப்பித் தரும் மதிப்பு என்ன, ஒவ்வொரு ஆர்குமென்ட்டும் உள்ளே போவதா வெளியே வருவதா என்று கொடுங்கள். எக்ஸ்பெக்ட்டுக்கு ரிட்டர்ன் வேல்யூ இடத்தில் முதல் ஆர்குமென்ட்டின் பெயரை எழுதினால் போதும். ஓவர்ஃப்ளோ குடும்பத்தில் மூன்றாவது ஆர்குமென்ட்டின் திசை அவுட், அது நல் ஆக இருக்கக் கூடாது. சிஎல்இசட்டில் 0 கூடாது என்று சொல்ல, செல்லும் வரம்பை '1 முதல்' என்று மட்டும் எழுதினால் −1 கொடுக்கும் கோடையும் கருவி குற்றம் சொல்லக்கூடும். −1 அன்சைன்டாக மாறும்போது எல்லா பிட்டும் 1, அது சரியான உள்ளீடுதான். ஆகவே '−1 வரை, 1 முதல்' என்று இரண்டு வரம்பும் கொடுங்கள்.

ஃபைலைச் சேமித்ததும் அதே ஃபோல்டரில் இருக்கும் ஆர்என்ஜி ஸ்கீமாவை வைத்து எக்ஸ்எம்எல்லிண்டில் சரிபாருங்கள். அப்புறம் இந்தப் பொறியையும் பாருங்கள்: உபுன்டு பேக்கேஜாக நிறுவிய சிபிபிசெக்கும், நீங்கள் இறக்கிய சோர்ஸ் ஃபோல்டரும் இரண்டுமே கணினியில் இருந்தால், திருத்தியது ஒரு ஃபைல், கருவி படிப்பது இன்னொரு ஃபைல் என்று ஆகிவிடும். எக்ஸ்எம்எல்லில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பாருங்கள். கருவி கத்தவில்லை என்றால் அது படிப்பது உங்கள் ஃபைலை அல்ல.

5. கான்ஃபிக் போதாதபோது எஞ்சினுக்குள்

பாதையைப் பிரிப்பது, ஆர்குமென்ட்டை இயக்காமல் விடுவது, டைப்பைப் பொறுத்து விடை மாறுவது. இவை மூன்றும் எக்ஸ்எம்எல்லில் அடங்காது. எஞ்சின் கோடைத் தொட வேண்டும்.

கிளாங் ஸ்டாட்டிக் அனலைசரில் பார்சிங் பற்றிக் கவலையே வேண்டாம், கம்பைலரே அதைச் செய்துவிடுகிறது. கிளாங்குக்குத் தெரிந்த பில்டின் என்றால் டைப்பும் சரியாக வந்துவிடும். நீங்கள் எழுத வேண்டியது அர்த்தத்தை மட்டும். பில்டின் ஃபங்ஷன் செக்கர் என்ற ஃபைலைத் திறந்து எக்ஸ்பெக்ட்டை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள். சில வரிகள்தான்: முதல் ஆர்குமென்ட்டின் மதிப்பை எடுத்து, கால் எக்ஸ்பிரெஷனுக்கு அதையே கட்டி, புதிய நிலையைச் சேர்க்கிறது. புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் இல்லை.

ஸ்பார்ஸ் போலச் சொந்தப் பார்சர் வைத்திருக்கும் கருவி, அல்லது உங்கள் அலுவலகமே எழுதிய கருவி என்றால் வரிசை முக்கியம். முதலில் பார்சர், பிறகு டைப், பிறகு மதிப்பு, கடைசியில் எச்சரிக்கை. எச்சரிக்கையிலிருந்து தொடங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. டைப் தவறாக இருந்தால் மேலே கட்டியதெல்லாம் சரிந்துவிடும், திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

6. டெஸ்ட் எப்போதும் ஜோடியாக

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, பெயரைச் சேர்த்துவிட்டேன், பொய் எச்சரிக்கையும் போய்விட்டது. வேலை முடிந்தது இல்லையா?"

"போனது சரி தம்பி. அதே இடத்தில் வேண்டுமென்றே ஒரு நல் பாயின்டர் பிழையை வைத்து ஓட்டிப் பாருங்கள். அது வருகிறதா?"

வரவில்லை. எக்ஸ்பெக்ட்டைத் திரும்பி வராத ஃபங்ஷன் என்று குறித்திருந்ததால் அதற்குப் பிறகு வந்த கோடையே கருவி பார்க்கவில்லை. எச்சரிக்கைகள் குறைந்ததைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்திருப்போம், அதுவும் ஒரு வெளியீட்டுக்கு முந்தின வாரம்.

ஆகவே ஒவ்வொரு பில்டினுக்கும் குறைந்தது இரண்டு டெஸ்ட்: எச்சரிக்கை வரக்கூடாத ஒன்று, வந்தே தீர வேண்டிய ஒன்று. ஆர்குமென்ட் இயங்காத வகைக்கு மூன்றாவதாக, உள்ளே ஐ பிளஸ் பிளஸ் வைத்து அதன்பின் ஐ-யின் மதிப்பைப் பார்க்கும் டெஸ்ட். சிபிபிசெக்கில் இதற்கு டெஸ்ட் ஃபோல்டருக்குள் சிஎஃப்ஜி என்று தனி இடமும், எல்லாவற்றையும் ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டும் இருக்கின்றன.

டெஸ்ட் ஃபைலை உண்மையான ஜிசிசியிலும் கம்பைல் செய்யுங்கள். மாறிலி உள்ளீடுகளுக்கு ஸ்டாட்டிக் அசெர்ட் போட்டுவிட்டால், கையேட்டை நாம் படித்த விதம் சரிதானா என்று கம்பைலரே சொல்லிவிடும்.

7. டார்கெட்டும் வெர்ஷனும்

சிஎல்இசட் 0 முதல் 31 வரை என்று மேலே சொன்னது இன்ட் 32 பிட்டாக இருந்தால் மட்டுமே. ஏவிஆர், எம்எஸ்பி430 போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களில் இன்ட் 16 பிட், அங்கே உச்சம் 15. லாங் வகையின் சிஎல்இசட்டுக்கு 64 பிட் லினக்ஸில் ஒரு வரம்பு, விண்டோஸில் வேறு வரம்பு. எண்ணை நேரடியாக எழுதாமல் அனலைசரின் பிளாட்ஃபார்ம் அமைப்பிலிருந்து எடுங்கள்.

ஹேஸ் பில்டின் என்ற மேக்ரோ இன்னொரு பெரிய பொறி. கிளாங்கில் பழையது, ஜிசிசியில் 10ஆம் வெர்ஷனில் வந்தது. 'இந்தப் பில்டின் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் கையால் எழுதிய மாற்று வழி' என்று கோட் கிளைபிரியும். இதற்கு உங்கள் அனலைசர் கம்பைலரிலிருந்து வேறு பதில் சொன்னால், அது ஆராய்வது நீங்கள் சாதனத்தில் ஏற்றும் கோடே அல்ல. ஆதரவு சேர்த்த ஒவ்வொரு பெயருக்கும் இந்த மேக்ரோவும் சரியான பதில் சொல்கிறதா என்று பாருங்கள்.

நோ பில்டின் ஃபிளாகையும் கவனியுங்கள். அதைக் கொடுத்தால் வெறும் மெம்காப்பி என்ற பெயர் சிறப்பு அர்த்தத்தை இழக்கும். பில்டின் முன்னொட்டோடு எழுதியது இழக்காது.

8. செலவும் நேரமும்

சிபிபிசெக் கான்ஃபிக் வேலைக்கு எந்த மடிக்கணினியும் போதும். சோர்ஸிலிருந்து பில்ட் செய்தாலும் சில நிமிடங்களில் முடியும், எக்ஸ்எம்எல்லை மாற்றினால் மறுபடி பில்ட் செய்யவே வேண்டாம். முதல் பில்டினுக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள், பெரும்பகுதி படிப்பதிலேயே போகும். அதற்குப் பிறகு எளிய பில்டின் ஒன்றுக்கு டெஸ்ட்டோடு சேர்த்து அரை நாள், ஓவர்ஃப்ளோ போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நாள் என்று மேலாளரிடம் சொல்லலாம்.

கிளாங் வேறு விஷயம். முழு வரலாற்றோடு ரிப்பாசிட்டரியை இறக்கினால் பல ஜிபி. டெப்த் 1 என்று கொடுத்து மேல்மட்டத்தை மட்டும் இறக்குங்கள். டீபக் பில்டுக்குப் பல பத்து ஜிபி வட்டு இடம் வேண்டும், லிங்க் செய்யும்போது ரேம் தீர்ந்து கணினி உறைந்துவிடும். ரிலீஸ் பில்ட், அசெர்ஷன் ஆன், டார்கெட் ஒன்று மட்டும், ஒரே நேரத்தில் ஒரே லிங்க் வேலை, லிங்கராக எல்எல்டி. இந்த ஐந்தும் அமைத்தால் 16 ஜிபி ரேமில் சமாளிக்கலாம். முதல் பில்ட்டை மாலையில் ஓடவிட்டு வீட்டுக்குப் போங்கள். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம், மின்சாரம் போனால் பாதி எழுதப்பட்ட ஆப்ஜெக்ட் ஃபைல்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

9. திருத்தத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்புவது

உள்ளேயே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புதிய வெர்ஷனிலும் உங்கள் திருத்தத்தை மறுபடி ஒட்டவேண்டும். அனுப்பிவிடுவதே நல்லது என்பது என் திடமான கருத்து.

அதற்கு முன் அலுவலகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேலை நேரத்தில் எழுதிய கோட் யாருடையது என்று உங்கள் ஒப்பந்தம் சொல்லியிருக்கும், அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். 'இந்தத் திட்டத்துக்கு, இந்த லைசென்ஸின் கீழ், பில்டின் ஆதரவுக்கான திருத்தங்களை அனுப்பலாம்' என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். டெஸ்ட்டில் வாடிக்கையாளரின் கோடை வெட்டி ஒட்டாதீர்கள். அதே வடிவத்தைப் புதிதாக, பத்து வரிக்குள் எழுதுங்கள்.

ஒரு புல் ரிக்வெஸ்ட்டில், அதாவது திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் ஒரு கோரிக்கையில், ஒரு பில்டின் குடும்பம் மட்டும். விளக்கத்தில் எந்த வெர்ஷன் கையேட்டின் எந்தப் பகுதியை வைத்து எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், சரிபார்ப்பவரின் வேலை பாதியாகிவிடும். கிளாங் ஃபார்மேட் போன்ற வடிவமைப்புக் கருவியை ஓட்டிவிட்டு அனுப்புங்கள். எங்கே எத்தனை இடைவெளி என்பதற்காக இரண்டு சுற்று போய்வருவது வீண்.

பதில் வரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சரிபார்ப்பவர் மத்திய ஐரோப்பாவில் இருந்தால் நமக்கும் அவர்களுக்கும் அவர்களின் கோடைக்காலத்தில் இரண்டு மணி, அவர்களின் குளிர்காலத்தில் மூன்று மணி வித்தியாசம். நம் பிற்பகலில் அனுப்பினால் அன்றே பதில் வர வாய்ப்புண்டு. கலிஃபோர்னியா என்றால் பதினொன்று, பன்னிரண்டு மணி வித்தியாசம், ஒரு கேள்விக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஆகஸ்டிலும் ஐரோப்பியர்கள் பலர் விடுப்பில் இருப்பார்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் அந்தப் பத்து நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டு, 'இந்தத் தேதி வரை பதில் தாமதமாகும்' என்று புல் ரிக்வெஸ்ட்டிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் பதிலே இல்லாவிட்டால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் போடலாம். சேர்த்துக்கொண்ட பிறகு, எந்த வெளியீட்டில் அது வரப்போகிறது என்று குறித்துவைத்து, அதுவரை மட்டும் உங்கள் உள்பிரதியை வைத்திருங்கள். கம்பைலரை உயர்த்தும்போதெல்லாம் 1ஆம் படியின் பட்டியலை மறுபடி எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். புதிதாக வந்த பெயர்களுக்கு மட்டும் ஸ்ப்ரெட்ஷீட்டில் புது வரி.